கணக்குக் கேட்ட மார்ஷல்: நேசமணியின் வாழ்வு நமக்குச் சொல்வது



சில வருடங்களுக்கு முன், மாலை வகுப்பு முடிந்து பேசிக்கொண்டிருந்த மாணவர்களிடம் நேசமணி யார் தெரியுமா என்று கேட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். 2019 மே மாதத்தில் உலகமே 'நேசமணிக்காகப் பிரார்த்திப்போம்' என்று வலைத்தளங்களில் விளையாடியது அவர்கள் நினைவுக்கு வந்துவிட்டது. தலையில் சுத்தியல் விழுந்த வடிவேலுவைத் தவிர வேறொரு நேசமணியை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர் வேறு விதத்தில் பழக்கம். 1990களில் நாகர்கோவில் பக்கமிருந்து வரும் அரசுப் பேருந்தின் பக்கவாட்டில் 'நேசமணி போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருக்கும். போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அந்தப் பெயரும் போனது. பேருந்தில் பெயரைப் படித்த நாங்களும் அந்த மனிதரைப் படிக்கவில்லை என்பதே உண்மை. ஆறுமுகநேரியிலிருந்து கடற்கரை ஓரமாகவே தெற்கே போனால் அவருடைய மாவட்டம் வந்துவிடும். அவ்வளவு பக்கத்தில் வாழ்ந்தவர் அவர். அவரைப் பற்றி நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்பதால் இந்தக் கட்டுரை.

முக்காலியும் நாற்காலியும்

அ. நேசமணி 1895ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் விளவங்கோடு தாலுகாவில் பள்ளியாடி என்ற ஊரில் பிறந்தார். சீர்திருத்தக் கிறிஸ்தவக் குடும்பம். சட்டம் படித்து, 1921இல் நாகர்கோவில் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகச் சேர்ந்தார்.

அந்த நாளைய திருவிதாங்கூரில் நீதிமன்றத்துக்குள்ளும் சாதி உட்கார்ந்திருந்தது. மேல்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. தண்ணீர்ப் பானையும் தனித்தனி. நேசமணி அந்த முக்காலியை உதைத்துத் தள்ளி, எல்லோருக்கும் நாற்காலி என்ற நிலையைக் கொண்டுவந்தார் என்று குமரி மாவட்டத்தில் இன்றும் சொல்வார்கள். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று வாதாடப் போகிறவன், அந்தச் சட்டத்தின் வீட்டுக்குள்ளேயே சமமாக உட்கார முடியாவிட்டால் அந்த வாதத்துக்கு என்ன மதிப்பு? அவருடைய பொதுவாழ்வு இந்தக் கேள்வியிலிருந்துதான் புறப்படுகிறது.

எதிர்க்கட்சி வரிசையில்

திருவிதாங்கூரின் தென்பகுதியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மை. ஆட்சியும் அலுவலகமும் காவல் நிலையமும் பேசியதோ மலையாளம். நிலவரி நோட்டீஸைக்கூட மற்றவரிடம் கொடுத்துப் படிக்க வேண்டிய நிலையில் விவசாயி இருந்தால், அந்த அரசாங்கத்திடம் அவன் எப்படிக் கேள்வி கேட்பான்? இந்தக் குறையிலிருந்து 1945ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலில் ஓர் இயக்கம் பிறந்தது. அதுவே பின்னர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. 1947 செப்டம்பரில் நேசமணி அதில் இணைந்தார். அதன் பிறகு இயக்கத்தின் முகமே அவர்தான் என்று ஆகிவிட்டது. மக்கள் அவரை 'மார்ஷல்' என்று அழைத்தார்கள்.

1952 பொதுத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அதே நேரத்தில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தில் அவருடைய கட்சிக்கு 8 இடங்கள் கிடைத்தன. எண்ணிக்கையில் சிறிய கட்சிதான். ஆனால் யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத சபையில் எட்டுப் பேர் என்பது சாதாரண பலம் அல்ல.

அந்தப் பலத்தை அவர்கள் பயன்படுத்திய விதம் கவனிக்க வேண்டியது. முதலில் ஏ. ஜே. ஜான் தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவையை ஆதரித்தார்கள். தமிழ்ப் பகுதிகளின் கோரிக்கைக்கு மதிப்பில்லை என்று கண்டதும் ஆதரவை விலக்கினார்கள். 1953 செப்டம்பரில் அந்த அமைச்சரவை வீழ்ந்தது. 1954 தேர்தலில் கட்சியின் பலம் 12 ஆக உயர்ந்தது. இம்முறை காங்கிரஸின் வெளி ஆதரவோடு பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சி ஆட்சி அமைத்தது. அந்த ஆட்சியில்தான் நேசமணியின் வாழ்வின் மிகக் கடினமான மாதங்கள் வந்தன. அவை தொடங்கிய இடம் குமரி அல்ல, மூணாறு.

மலைமேல் ஏறிய வழக்கு

மூணாறு என்றால் இன்று நமக்குச் சுற்றுலா. அந்த மலைக்கு இன்னொரு சரித்திரம் உண்டு. 1877இல் பூஞ்ஞாற்று அரச குடும்பத்திடமிருந்து மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். காட்டை வெட்டித் தேயிலை நட ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் முன்பணத்தோடு திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளில் ஊர் ஊராக இறங்கினார்கள். பஞ்சத்திலும் கடனிலும் இருந்த குடும்பங்கள் மலை ஏறின. இன்றைய தூத்துக்குடி மாவட்டமும் அன்றைய திருநெல்வேலிச் சீமைதான். எனவே ஏறியவர்களில் நம் பக்கத்து மக்களும் உண்டு.

அங்கே அவர்களுக்குக் கிடைத்தது லயம். வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். வேலை இருக்கும் வரை அந்த அறை. வேலை போனால் அறையும் போகும். மூன்று தலைமுறை உழைத்தாலும் ஒரு சென்ட் நிலம் அவர்கள் பெயரில் இராது. 1951இல் மத்திய அரசு தோட்டத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வீடு, குடிநீர், மருத்துவ வசதி தரவேண்டும், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. காகிதத்தில் நல்ல சட்டம். அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டியது மாநில அரசு. அந்த அரசு தொழிலாளியை ஒரு குடிமகனாகப் பார்க்கிறதா, வந்து போகும் கூலியாகப் பார்க்கிறதா என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும்.

தேவிகுளம், பீர்மேடு பகுதித் தொழிலாளர்கள் நேசமணியின் இயக்கத்தை ஆதரித்து வாக்களித்தார்கள். அங்கிருந்தும் அந்த இயக்கத்துக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் கிடைத்தார்கள். தங்களுக்கென்று ஒரு குரல் தேடிய அந்த மக்கள் மீது காவல்துறையின் கை இறுகியது. கூட்டங்களுக்குத் தடை போடப்பட்டது.

1954 ஜூலையில் நேசமணி மூணாறு சென்றார். உடன் சென்றவர்கள் இருவர்: இயக்கத்தின் முன்னணித் தலைவர்களான மர்ஹூம் அப்துல் ரசாக் அவர்களும் சிதம்பரநாதன் அவர்களும். ஒரு கிறிஸ்தவர், ஒரு முஸ்லிம், ஓர் இந்து. தடையை மீறினார்கள், கைதானார்கள். மூவருக்கும் தேயிலைத் தோட்டம் சொந்த ஊர் அல்ல. அந்த மலையில் அவர்களுக்கு உறவும் இல்லை, வியாபாரமும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஒருவர், கொழுந்து பறிக்கும் பெண்ணின் குறையைச் சொல்ல மலை ஏறிப் போய்ச் சிறைப்பட்டார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 11

மூணாறு கைதுகளின் சூடு குமரி தாலுகாக்களில் பரவியது. 1954 ஆகஸ்ட் 11ஆம் நாளை விடுதலை நாளாகக் கடைப்பிடிக்க இயக்கம் அழைத்தது. கடையடைப்பு, ஊர்வலம், மறியல். அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. உயிர்கள் போயின. எத்தனை பேர் என்பதில் அரசு சொன்ன கணக்கு ஒன்று, ஊர் சொன்ன கணக்கு வேறு. அதைத் தொடர்ந்து கைதுகளும் வழக்குகளும் வந்தன. கிராமங்களில் ஆண்கள் இரவில் வீட்டில் தங்கப் பயந்த காலம் அது.

துப்பாக்கிச் சூடு எந்த ஆட்சியில் நடந்தது என்று பாருங்கள். அந்நிய ஆட்சியில் அல்ல. சோஷலிஸ்ட் என்று பெயர் வைத்துக்கொண்ட கட்சியின் ஆட்சியில். முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை அவர்களோ சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற மரியாதைக்குரிய தலைவர். நல்லவர்கள் ஆட்சியில் இருக்கிறார்கள் என்பதே போதும், கேள்வி வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் குமரிக்கு வெளியேயும் ஒருவர் எழுப்பினார். அதே பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, அப்போது அலகாபாத் நைனி சிறையில் இருந்தார். சிறையிலிருந்தே, தன் கட்சியின் முதல்வர் பதவி விலக வேண்டும், விசாரணை நடக்க வேண்டும் என்று கோரினார். கட்சி ஏற்கவில்லை. லோகியா பொதுச் செயலாளர் பதவியை விட்டார், பின்னர் கட்சியையும் விட்டார். புதுக்கடையில் விழுந்த குண்டு ஒரு தேசியக் கட்சியையே பிளந்தது என்றால் அது மிகையல்ல.

நேசமணியின் இயக்கம் சட்டமன்றத்தின் வழியாகவே பதில் தேடியது. 1955 பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பட்டம் தாணுப்பிள்ளை அமைச்சரவை தோற்றது. காங்கிரஸ் ஆதரவை விலக்கியது முக்கியக் காரணம். தமிழ்நாடு காங்கிரஸ் உறுப்பினர்களின் வாக்குகளும் அதில் சேர்ந்தன. ஒன்றரை ஆண்டு இடைவெளியில் இரண்டு அமைச்சரவைகள், இரு வேறு கட்சிகள். நேசமணியின் கட்சி இரண்டிடமும் ஒரே கணக்கைத்தான் கேட்டது.

கிடைத்ததும் கிடைக்காததும்

மாநிலங்களைத் திருத்தி அமைக்க ஃபசல் அலி தலைமையில் அமைந்த ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. நான்கு தென் தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு சேரலாம் என்றது. 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. நேசமணி 'குமரித் தந்தை' ஆனார்.

தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. அங்கே தமிழர் பெரும்பான்மையாக இருப்பதை ஆணையம் மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தோட்ட வேலைக்காக வந்து போகிறவர்கள் என்று கூறி அந்த எண்ணிக்கைக்குக் குறைந்த எடையே கொடுத்தது. நான் இந்த இடத்தைப் படித்தபோது சிறிது நேரம் மேலே படிக்க முடியவில்லை. காட்டை வெட்டியவன், தேயிலை நட்டவன், அந்த மண்ணிலேயே பிள்ளை பெற்று அந்த மண்ணிலேயே அடக்கமானவன் வந்து போகிறவனா? அவன் பெயரில் நிலம் இல்லாதது அவன் குற்றமா? எந்த மாநிலத்தோடு அந்த மலை சேர வேண்டும் என்பதில் இரண்டு நியாயங்கள் இருக்கலாம். கூலித் தொழிலாளியின் தலையை எண்ணும்போது மட்டும் எடையைக் குறைப்பதில் எந்த நியாயமும் இல்லை.

எல்லை முடிந்த பிறகு தமிழ்நாடு காங்கிரஸ் தாய்க் காங்கிரஸில் கலந்தது. நேசமணி 1957இல் சென்னைச் சட்டமன்றத்துக்கும், 1962லும் 1967லும் மீண்டும் நாடாளுமன்றத்துக்கும் சென்றார். மலைத் தொழிலாளர்களுக்காக அவர் சிறை சென்ற கோரிக்கையோ மெல்ல ஓய்ந்துபோனது. ஊர் கிடைத்தவர்கள் கொண்டாடினார்கள், கிடைக்காதவர்கள் மறக்கப்பட்டார்கள். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் சரித்திரம் நேர்மையாகும். 1968 ஜூன் 1ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே நேசமணி காலமானார். அந்த இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் வென்றவர் பெருந்தலைவர் காமராஜர்.

நம் கரைக்கு வருவோம்

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் வரை மாண்டார்கள். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் நம் மாவட்டத்துக் கயத்தாறு. செய்தி வந்தபோது உறவினர்கள் அழுதுகொண்டு இங்கிருந்துதான் வண்டி ஏறினார்கள். 1954இல் நேசமணி பேசப் போன அதே லயம், அதே ஒற்றை அறை, அதே நிலமின்மை.

2018 மே 22இல் தூத்துக்குடியில் நடந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. 13 உயிர்கள். விசாரணை ஆணையம் நான்கு ஆண்டுகள் கழித்து அறிக்கை கொடுத்தது, தவறு நடந்ததாகவே சொன்னது. புதுக்கடையில் எழுந்த கேள்வி அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நம் வாசலில் வந்து நின்றது.

நம் ஆறுமுகநேரி உப்பளங்களில் வெள்ளை வெயிலில் கண் கூசக் கால் வெடிக்க உழைப்பவர்களைத் தினமும் பார்க்கிறோம். மழைக்காலத்தில் அவர்களுக்கு வேலை இல்லை. அரசு தரும் மழைக்கால நிவாரணம் வந்ததா, மருத்துவ வசதி இருக்கிறதா, நிழலும் குடிநீரும் உண்டா என்று அவர்களுக்காகக் கேட்பது யார் வேலை? அவர்கள் என் சமுதாயம் இல்லையே, என் தெரு இல்லையே என்று ஒதுங்கினால், மூணாற்றுக்கு ஏறிய அந்த மூவரிடமிருந்து நாம் எதுவும் கற்கவில்லை என்று பொருள்.

ஆட்சி என்பது அமானிதம் என்று மேடைதோறும் பேசுகிறோம். அமானிதம் என்றால் அதற்குக் கணக்கு உண்டு. மறுமையின் கணக்கை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். இம்மையின் கணக்கைக் கேட்கும் பொறுப்பை நம்மிடம் விட்டிருக்கிறான். அந்தப் பொறுப்பைத் தன் காலத்தில் ஒரு கிறிஸ்தவ சகோதரர் சுமந்தார், அவர் பக்கத்தில் நம்மவர் ஒருவரும் நின்றார்.

அடுத்த முறை நாகர்கோவில் போகும்போது பிள்ளைகளை நேசமணி மணிமண்டபத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சுத்தியல் விழுந்த நேசமணியை அவர்கள் மறக்க வேண்டியதில்லை. கணக்குக் கேட்ட நேசமணியையும் அறிந்துகொள்ளட்டும்.