பெண்குலம் காத்த பாப்பனிக்கோலா

கடுகு விதை மிகச் சிறியது. ஆனால் அது வளர்ந்து மரமாகும்போது பறவைகள் வந்து அதில் தங்குகின்றன என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். ஒரு கண்ணாடித் துண்டில் தடவிய சிறு துளியைக் கொண்டு கோடிக்கணக்கான பெண்களுக்கு நிழல் தரும் மரத்தை வளர்த்தார் ஒருவர். அவர்தான் டாக்டர் ஜார்ஜ் பாப்பனிக்கோலா.

கிரேக்க நாட்டின் யூபியா தீவில் கிமி என்னும் ஊரில் 1883ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ஒரு மருத்துவர். மகனும் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று 1904இல் மருத்துவரானார். சொந்த ஊர்ப் பக்கத்தில் தொழுநோயாளருக்குப் பணி செய்தார். மகன் தம்மைப் போலவே ஊரில் மருத்துவம் பார்க்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. ஆனால் மகனின் உள்ளமோ ஆராய்ச்சியை நாடியது. ஜெர்மனி சென்று 1910இல் மியூனிக் நகரில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஆண்ட்ரோமாக்கி என்னும் மேரி அம்மையாரை மணந்தார்.

1913இல் இருவரும் அமெரிக்காவின் நியூயார்க் நகருக்குக் கப்பலேறினார்கள். கையில் இருந்தது சுமார் 250 டாலர், ஆங்கிலமோ தெரியாது. இரண்டு பட்டங்கள் பெற்ற அறிஞர் ஒரு பெரிய கடையில் கம்பளம் விற்றார்! மேரி அம்மையார் அங்கேயே பொத்தான் தைத்தார். உணவகங்களில் வயலின் வாசித்தும் கணவர் பொருளீட்டினார். எந்த வேலையையும் அவர்கள் இழிவாக எண்ணவில்லை.

1914இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. பெண் கினிப் பன்றிகளின் பிறப்புறுப்பிலிருந்து சிறிது கசிவை எடுத்துக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார். உடலுக்குள் நிகழும் மாற்றங்களை அதில் உள்ள உயிரணுக்களே காட்டிக் கொடுத்தன. அடுத்துப் பெண்களிடம் இதை ஆராய வேண்டும். யார் முன்வருவார்? மேரி அம்மையாரே முன்வந்தார். பல ஆண்டுகள், நாள் தவறாமல், கணவரின் ஆராய்ச்சிக்குத் தம்மையே அளித்தார். ஆய்வுக்கூடத்தில் ஊதியமின்றி உழைத்தார். ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையைப் போன்றது அவருடைய காணிக்கை. நூல்களில் கணவர் பெயர் பெரிதாக இருக்கிறது. மனைவியின் பெயரையும் நாம் மறக்கலாகாது.

ஒரு நாள், நோயுற்ற பெண் ஒருவரின் கண்ணாடித் துண்டில் கருப்பை வாய்ப் புற்றுநோயின் உயிரணுக்களை அவர் கண்டார். 1928இல் பேட்டில் கிரீக் என்னும் ஊரில் நடந்த மாநாட்டில் இதை அறிவித்தார். ருமேனிய நாட்டில் ஆரேல் பாபேஷ் என்பவரும் அதே காலத்தில் தனியே இதைக் கண்டிருந்தார். ஆனால் மருத்துவ உலகம் செவிசாய்க்கவில்லை. கத்தியால் சதையை எடுத்துச் சோதிக்கும் முறை இருக்கும்போது இது எதற்கு என்றே பலரும் எண்ணினார்கள். அவர் மனம் உடைந்து ஒதுங்கிவிடவில்லை. ஹெர்பர்ட் டிராட் என்னும் மகளிர் மருத்துவருடன் சேர்ந்து மீண்டும் உழைத்தார். 1941இல் அவர்களுடைய கட்டுரையும் 1943இல் நூலும் வெளிவந்தன. வலியோ துன்பமோ தோன்றுமுன்பே ஆபத்தை அறியலாம் என்பதை உலகம் ஒப்புக்கொண்டது. அச்சோதனைக்கு அவர் பெயரைச் சுருக்கி 'பாப் சோதனை' என்றே பெயரிட்டனர். அதை முறையாக நடத்திய நாடுகளில் இந்நோயால் இறப்போர் தொகை பாதிக்கும் கீழே குறைந்தது.

நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. 1962ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் மயாமி நகரில் மாரடைப்பால் காலமானார். ஆபத்தைக் காணும் கண்ணை அவர் தந்தார். ஆனால் அந்த ஆபத்தின் வேர் எதுவென்று அவர் காலத்தில் தெரியவில்லை. 1983இலும் 1984இலும் ஜெர்மன் அறிஞர் ஹரால்ட் சுர் ஹாசன் குழுவினர் அதைக் கண்டனர். அது எச்.பி.வி. என்னும் வைரஸ். அதன் வகைகள் பல. அவற்றுள் 16, 18 என்னும் இரண்டு மட்டுமே இப்புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம். அதற்காக 2008இல் சுர் ஹாசன் நோபல் பரிசு பெற்றார். 2006 முதல் தடுப்பூசியும் உண்டு.

தோழியரே! இந்த வைரஸ் மிகப் பலருக்கும் தொற்றக்கூடியது. பெரும்பாலோர் உடலிலிருந்து தானே அகன்றுவிடும். சிலரிடம் மட்டும் தங்கி, பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகளில் மெல்லப் புற்றாக மாறும். அந்த நீண்ட காலம் இறைவன் நமக்குத் தரும் தவணை அல்லவா? ஆனால் நம் தாய்மார் என்ன செய்கிறார்கள்? வீட்டில் எல்லோருக்கும் மருந்து எடுத்துக் கொடுப்பார்கள். தம் உடம்பைப் பற்றிப் பேச நாணுவார்கள். இந்நோய் யாருடைய குற்றமும் அன்று. வெட்கப்பட்டு மறைப்பதால்தான் அது வளர்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் ஓர் இலக்கு வகுத்தது. பெண்பிள்ளைகளில் 90 விழுக்காட்டினர் 15 வயதுக்குள் தடுப்பூசி பெற வேண்டும். பெண்களில் 70 விழுக்காட்டினர் 35 வயதிலும் 45 வயதிலும் சோதனை செய்துகொள்ள வேண்டும். நோய் கண்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைக்க வேண்டும். தடுப்பூசி போட்டவர்களுக்கும் பின்னாளில் சோதனை தேவை.

இப்பக்கத்தைப் படித்து முடித்ததும் மூடி வைத்துவிடாதீர்கள். இன்று மாலை அம்மாவின் அருகில் அமர்ந்து இதை வாசித்துக் காட்டுங்கள். மேரி அம்மையார் நாணத்தை வென்றதால் உலகம் பயன் பெற்றது. நாமும் சிறிது வென்றால் நம் வீடு பயன் பெறும்.

– மாணவி, பத்தாம் வகுப்பு