யாழை மீட்ட அடிகளார்

கல்வியைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. விஞ்ஞானம் பயில்பவன் இலக்கியத்தை நாடான். இலக்கியம் பயில்பவன் கணிதத்துக்கு அஞ்சுவான். இசையும் கூத்தும் பொழுதுபோக்கென்று தள்ளப்படும். சமய நூல்களோ முதியோருக்கே உரியன என்று ஒதுக்கிவைக்கப்படும். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கலைப்பிரிவு, விஞ்ஞானப்பிரிவு, வர்த்தகப்பிரிவு என நம் இளைஞர் வெவ்வேறு வழிகளிற் பிரிகின்றனர். பிரிந்தவர் மற்றை வழியைத் திரும்பிப் பார்ப்பதும் அரிது. இந்நிலையில், சமயம், கலை, இலக்கியம், விஞ்ஞானம் ஆகிய நான்கினையும் ஒருவரே ஆராய்ந்து, நான்கிலும் நிலைத்த பணி செய்தார் என்றால் அது புனைந்துரைபோலத் தோன்றும். ஆயினும் அத்தகைய ஒருவர் நமது ஈழத்திலேயே வாழ்ந்தார். அவரே சுவாமி விபுலாநந்த அடிகளார்.

பிறப்பும் இளமைக் கல்வியும்

கிழக்கிலங்கையில், வயலும் கடலும் சூழ்ந்த காரைதீவு என்னும் ஊரில், 1892ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சாமித்தம்பி, கண்ணம்மையார் என்னும் பெற்றோருக்கு மகனாக அடிகளார் தோன்றினார். பிள்ளைக்கு இட்ட பெயர் மயில்வாகனன். காரைதீவு கண்ணகை அம்மன் கோயில் கொண்டெழுந்தருளிய ஊர். கண்ணகியின் கதையைக் கேட்டே அவ்வூர்ப் பிள்ளைகள் வளர்வர். அதே 1892ஆம் ஆண்டிலேதான் தமிழ்நாட்டில் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சிட்டு வெளியிட்டார்கள். அந்த நூலின் மிகக் கடினமான பகுதிக்குப் பொருள் காணப் பிறந்த பிள்ளையும், அந்த நூலின் அச்சுப் பதிப்பும் ஒரே ஆண்டில் உலகைக் கண்டன என்பது நினைந்து மகிழத்தக்க ஒற்றுமையாகும்.

ஊரிலே தமிழும் வடமொழியும் கற்கத் தொடங்கிய மயில்வாகனனார், ஆங்கிலக் கல்வியைக் கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பில் இயேசு சபைக் குருமார் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியிலும் பெற்றார். பதினாறு வயதிலேயே, 1908ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். கிறித்தவக் குருமாரிடம் கணிதமும் விஞ்ஞானமும் கற்ற அவர், வீட்டுக்கு வந்து நெற்றியில் நீறணிந்து தமிழ் படித்தார். ஒன்று மற்றொன்றைக் கெடுத்ததில்லை. மிஷன் பாடசாலையிற் படித்த எம்போன்றோர்க்கு இது பெரும் ஊக்கமளிக்கும் செய்தியாகும். எங்கே கற்றோம் என்பதிலும், கற்றதை எதற்குப் பயன்படுத்தினோம் என்பதே மேலான வினா என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது.

கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் தென்கோவை கந்தையாபிள்ளை போன்ற தமிழறிஞரை அடுத்துப் பழந்தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார். பின்னர் கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியிற் சேர்ந்து 1916ஆம் ஆண்டில் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டித பரீட்சையிலும் தேறினார். அப்பரீட்சையில் ஈழத்திலிருந்து முதன்முதலிற் தேறியவர் அவரே. ஒரே ஆண்டில் ஒரு கையில் விஞ்ஞானச் சான்றிதழும் மறு கையில் தமிழ்ப் பண்டிதப் பட்டமும் பெற்ற இளைஞருக்கு அப்போது வயது இருபத்துநான்கு.

ஆசிரியர் துறவியாகிறார்

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். யாழ்ப்பாணத்திலே பணியாற்றிய காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டத்தையும் பெற்றார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவரை நாடி வந்தது. தமிழும் வடமொழியும் முறையாகக் கற்போரை ஊக்கி, பண்டித பரீட்சைகளை நடத்திய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் யாழ்ப்பாணத்தில் தோன்றுவதற்கும் அவர் துணைநின்றார்.

இலண்டன் பட்டமும் அதிபர் பதவியும் உடைய ஒருவர்க்கு அக்காலத்தில் எந்த வாசலும் திறக்கும். ஆயின் அவர் நெஞ்சம் வேறிடத்தில் இருந்தது. இராமகிருஷ்ண சங்கத்துச் சர்வானந்த சுவாமிகளின் தொடர்பு அவரைத் துறவுக்கு ஈர்த்தது. 1922இல் சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்ற பிரமசரியப் பெயர் பெற்று, இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ் இதழையும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கில இதழையும் நடத்தும் பணியில் ஈடுபட்டார். 1924இல், பகவான் இராமகிருஷ்ணரின் நேர்ச்சீடராகிய சிவானந்த சுவாமிகள் அவருக்குச் சந்நியாசம் அளித்து விபுலாநந்தர் என்னும் பெயரைச் சூட்டினார்.

துறவு அவரை உலகத்திலிருந்து பிரிக்கவில்லை. ஈழம் திரும்பிய அடிகளார் இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராய் இருந்தார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை 1929ஆம் ஆண்டிற் தொடங்கினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகச் சென்றபோது, பகலிற் பட்டதாரி மாணவர்க்குப் பாடஞ் சொல்லிய அவர், மாலையில் அண்மையிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் கல்வி புகட்டினார். கல்வியைத் துறை துறையாகப் பிரிக்காதவர், கற்போரையும் சாதி சாதியாகப் பிரிக்கவில்லை. அவர் சமயம் ஏட்டில் அடங்கியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நாடகமும் விஞ்ஞானமும்

அடிகளாரின் ஆராய்ச்சி நூல்களுள் முதலிற் குறிப்பிடத்தக்கது மதங்க சூளாமணி. மதுரைத் தமிழ்ச் சங்கம் இதனை 1926இல் வெளியிட்டது. முத்தமிழுள் நாடகத் தமிழுக்குரிய பழைய இலக்கண நூல்கள் மறைந்துபோயின. அக்குறையை நிரப்ப எண்ணிய அடிகளார், சிலப்பதிகார உரையிற் கிடைக்கும் செய்திகளையும், வடமொழியில் தனஞ்செயனார் இயற்றிய தசரூபகத்தையும், ஆங்கிலக் கவி ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தார். ஷேக்ஸ்பியருக்குச் செகசிற்பியார் என்று தமிழ்ப் பெயரிட்டு, அவருடைய பன்னிரண்டு நாடகங்களின் அமைப்பைத் தமிழருக்கு எடுத்துக்காட்டினார். இங்ஙனம் மும்மொழிச் செல்வமும் ஒரே நூலிற் சங்கமமாயிற்று.

விஞ்ஞானத் துறையில் அவர் செய்த தொண்டு மாணவராகிய நமக்கு மிகவும் நெருக்கமானது. தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க முடியாது என்று கற்றோரே சொல்லிய காலம் அது. 1936இற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகளார் தலைமை தாங்கினார். விஞ்ஞானம் அறியாத தமிழ்ப் புலவர் ஆக்கும் சொல் பொருளிற் பிழைக்கும். தமிழ் அறியாத விஞ்ஞானி ஆக்கும் சொல் நாவில் நில்லாது. இரண்டையும் அறிந்தவரே அப்பணிக்குத் தகுந்தவர். பௌதிகமும் இரசாயனமும் கற்பித்த கையே பண்டிதப் பட்டமும் பெற்ற கை என்பதனால், அவர் தலைமையைத் தமிழ்நாட்டு அறிஞரும் உவந்து ஏற்றனர். இன்று வன்னியில் ஒரு மாணவன் உயர்தர வகுப்பில் பௌதிகவியலைத் தமிழிலே கற்கின்றான் என்றால், அதற்குப் பாதை வெட்டியவர்களுள் அடிகளாரும் ஒருவர்.

யாழ் ஆராய்ச்சி

அடிகளாரின் புகழுக்குச் சிகரமாய் விளங்குவது யாழ்நூல். சங்க இலக்கியமெங்கும் யாழ் ஒலிக்கின்றது. பாணர் கையில் யாழ் இருந்தது. புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் மாறி மாறி மீட்டியதும் யாழே. எனினும் காலப்போக்கில் வீணை தலையெடுக்க, யாழ் வழக்கொழிந்தது. தமிழ்நாட்டில் ஒரு பழைய யாழேனும் எஞ்சவில்லை. அதன் நரம்புகள் எத்தனை, எவ்வாறு சுருதி கூட்டினர், எந்தப் பண் எப்படிப் பிறந்தது என்பவற்றைச் சொல்ல ஒருவரும் இலர். எஞ்சியவை செய்யுள்களும், உரைகளும், கற்சிற்பங்களுமே.

இங்கேதான் நான்கு துறை அறிவும் ஒன்றாய்த் திரண்டன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் இசைப்பகுதியை விளக்குவதற்கு இலக்கியப் புலமை வேண்டும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகுகள் கூறப்பட்டுள்ளன, கூட்டினால் 22. இவ்வெண்களின் பொருளைக் காணக் கணிதமும் பௌதிகமும் வேண்டும். ஒரு நரம்பைப் பாதியாகக் குறைத்தால் அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும்; மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் குரலுக்கு ஐந்தாவதாகிய இளி பிறக்கும். இவ்வாறு இளி முறையிற் பன்னிரண்டு தரம் ஏறிச் சென்றால், தொடங்கிய சுரத்துக்குச் சரியாகத் திரும்பாமல் ஒரு சிறு மிச்சம் நிற்கும். அந்த நுண்ணிய வேறுபாடுகளையெல்லாம் பின்னங்களாகக் கணித்து, பழைய உரைகளோடு ஒப்பிட்டு, அடிகளார் முடிபு கண்டார். இக்கணக்கிலிருந்து பாலைகளும், பாலைகளிலிருந்து பண்களும் பிறக்கும் முறையைக் காட்டி, அங்கிருந்து தேவாரப் பண்களுக்கு வந்தார். கோயிலில் நாம் ஓதும் பதிகத்தின் இசைக்கும், சங்ககாலப் பாணன் மீட்டிய நரம்புக்கும் உள்ள உறவு அவ்வழியே புலனாயிற்று.

நூலிற் பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்கள் உண்டு. மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலத்தில் நீருக்கடியிலிருந்து எழும் இன்னொலியை ஊரவர் மீன் பாடுவதாகச் சொல்வர். அதனையும் அடிகளார் செவிமடுத்து, நீரரமகளிரின் இசையாகப் பாடிவைத்தார். ஆராய்ச்சியாளரின் செவி நூலகத்தில் மட்டும் திறந்திருப்பதில்லை.

இத்துறையில் அவர் தனி மனிதராய்த் தோன்றியவரல்லர். தஞ்சாவூரில் வாழ்ந்த கிறித்தவப் பெரியார் ஆபிரகாம் பண்டிதர் 1917ஆம் ஆண்டிலேயே கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டு, சுருதி இருபத்துநான்கு என வாதித்திருந்தார். அடிகளார் இருபத்திரண்டு என்ற முடிபிலே நின்றார். கருத்து வேறுபட்டது, நோக்கம் ஒன்றே. அடிகளார் மறைந்த பின்னர்ப் பஞ்சமரபு என்னும் பழைய இசைநூலும் அச்சேறி, புதிய சான்றுகளைத் தந்தது. அதனால் அவருடைய முடிபுகள் சில மீண்டும் ஆராயப்படுகின்றன. இது அவர் பெருமைக்குக் குறைவன்று. ஆராயத் தக்க கேள்வியை எழுப்பியவரின் நூலே தலைமுறை தோறும் வாதிக்கப்படும்.

அரங்கேற்றமும் மறைவும்

1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்தில் தங்கி, பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழுக்கு ஆசிரியராயிருந்தபோதும் யாழ் அவர் சிந்தையை விட்டகலவில்லை. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். உடல் தளர்ந்தது, நோய் வருத்தியது, பணி நிற்கவில்லை. 1947 ஜூன் 5ஆம், 6ஆம் திகதிகளில், திருஞானசம்பந்தர் பதிகம் பாடி ஓடஞ் செலுத்தியதாகப் போற்றப்படும் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ்நூல் அரங்கேறியது. அடிகளாரின் ஆராய்ச்சிப்படி புதிதாக அமைக்கப்பட்ட யாழ் அவ்வவையில் இசைக்கப்பட்டது. பல நூற்றாண்டாக ஊமையாயிருந்த நரம்பு மீண்டும் பேசியது. ஆறு வாரங்கள் கழிந்து, ஜூலை 19ஆம் திகதி, கொழும்பில் அடிகளார் இறைவன் திருவடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அவர் திருமேனி கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலய வளவிற் சமாதி வைக்கப்பட்டது. மலரையும் மனத்தையும் இணைத்து அவர் பாடிய பாடல் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றது.

நமக்குரிய பாடம்

வன்னியிலுள்ள நமக்கு இவ்வரலாறு தொலைவிலுள்ள கதையன்று. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசிப் பொங்கல் பொங்கி, கடல்நீரில் விளக்கெரிக்கும் மரபு நம்முடையது. முல்லைத்தீவுக் கோவலன் கூத்து நம்முடையது. அடிகளார் ஆராய்ந்த அதே சிலப்பதிகாரக் கதை, ஏட்டில் மட்டுமன்றி நம் மக்கள் நாவிலும் காலிலும் வாழ்கின்றது. ஆனால் 2009 வரை நீடித்த போரிலும் இடப்பெயர்விலும் ஏடுகள், கொப்பிகள், மத்தளங்கள், உடுப்புக்கள் எத்தனையோ வீடுகளில் அழிந்தன. ஆட்டத்தையும் பாட்டையும் முழுதாக அறிந்த அண்ணாவிமாரும் ஒருவர் பின் ஒருவராய் மறைகின்றனர். யாழ் மறைந்தது எவ்வாறென்று வியக்கும் நாம், நம் கண்முன்னே மறைவனவற்றைக் காணாதிருக்கலாமா?

இன்று வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் உள்ளன. அங்கு கற்கும் ஒரு பொறியியல் மாணவன் கூத்தின் மெட்டுக்களை ஒலிப்பதிவு செய்து, அவற்றின் அதிர்வெண்களை அளக்கலாம். ஒரு கலைப்பீட மாணவி அதே பாட்டின் சொற்களைப் பழைய உரையோடு ஒப்பிடலாம். ஒரு விவசாய மாணவன் பொங்கற் சடங்கில் வழங்கும் நெல்லினங்களின் பெயர்களைத் திரட்டலாம். முதியோர் தம் நினைவிலுள்ளதைச் சொல்லலாம். பெரும் பொருட்செலவு இதற்கு வேண்டியதில்லை. அடிகளாருக்கும் முதலிற் கிடைத்தவை ஒரு பழைய நூலும், விளங்காத சில வரிகளும், விளங்கும்வரை விடாத மனமுமே.

சமயம், கலை, இலக்கியம், விஞ்ஞானம் என்பன ஒரே யாழின் நான்கு நரம்புகள் எனலாம். தனித்தனியே தட்டினால் ஓசை பிறக்கும். சுருதி கூட்டினாலே பண் பிறக்கும். சங்கத்து இளைஞர்களே, அண்ணாவிமாரும் பெரியோரும் நம்மோடு இருக்கும் இவ்வாண்டிலேயே, ஊருக்கு ஒருவராகிலும் ஒரு கொப்பியோடு அவர்கள் திண்ணைக்குச் சென்று அமருங்கள். அடிகளாருக்கு நாம் எடுக்கும் விழா அதுவாகவே அமைக.