அன்னி பெசண்ட்

அன்னி பெசண்ட் (அக்டோபர் 1, 1847 – செப்டம்பர் 20, 1933) இலண்டனில் பிறந்து சென்னை அடையாறில் மறைந்த சமூக சீர்திருத்தவாதி ஆவார். பிரம்மஞான சபையின் தலைவராகவும் (1907–1933), இந்திய தேசிய காங்கிரசின் முதல் பெண் தலைவராகவும் (1917) விளங்கினார்.

குழந்தைகளின் பிரிவு

1867 இல் பிராங்க் பெசண்ட் என்ற பாதிரியாரை மணந்தார். 1873 இல் இருவரும் பிரிந்தபோது மகன் டிக்பி தந்தையிடமும் மகள் மேபல் தாயிடமும் இருந்தனர். அன்னியின் நாத்திகக் கருத்துகளையும், கருத்தடை பற்றிய நூலை அவர் வெளியிட்டதையும் காரணம் காட்டி, 1878 இல் இங்கிலாந்து நீதிமன்றம் மேபலைத் தந்தையிடம் ஒப்படைத்தது. குழந்தைகளைச் சந்திக்கும் உரிமையைப் பின்னர் பெற்றார். எனினும் சந்திப்புகள் அவர்களை வருத்தியதால், அவர்கள் வளர்ந்து தாமே முடிவெடுக்கும் வரை காண்பதில்லை எனத் தீர்மானித்தார். தன் வசத்தில் இல்லாததை விடுத்துத் தன் செயலை மட்டும் ஆளுதல் என்னும் கிரேக்க ஸ்டோயிக் மெய்யியலின் கருத்துடன் இம்முடிவு ஒப்பிடத்தக்கது. வயது வந்தபின் பிள்ளைகள் இருவரும் தாயிடம் திரும்பினர்.

சென்னை வழக்கு

1910 இல் ஜித்து கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தா ஆகிய சகோதரர்களுக்குப் பாதுகாவலரானார். 1912 இல் தந்தை நாராயணையா மகன்களைத் திரும்பக் கோரி வழக்குத் தொடர்ந்தார். முன்னர் தம் மகளை இழந்த பெசண்ட், இம்முறை ஒரு தந்தைக்கு எதிராகத் தாமே வாதிட்டு, 1913 இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றார். 1914 இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை இரத்து செய்தது. சிறுவர்களின் விருப்பம் கேட்டறியப்படாமை அதற்கான காரணங்களுள் ஒன்றாகும்.