நாடகங்களுக்கு உருவங் கொடுத்த ஓவியர் ஹென்றி பியூசெலி

1763ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரை விட்டு இரு இளைஞர்கள் வெளியேறினர். இருவரும் இறையியல் கற்றுக் குருத்துவப் பணிக்குத் தகுதி பெற்றவர்கள். இருவரும் 1741ஆம் ஆண்டிலே பிறந்தவர்கள். அவர்கள் செய்த குற்றம் ஒரு துண்டுப்பிரசுரம். சூரிச்சின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த குறூனிங்கன் பகுதியின் நிர்வாகியாகிய பீலிக்ஸ் கிறேபெல் என்பவர் தம் அதிகாரத்தைக் கொண்டு குடிமக்களை வருத்திப் பொருள் சேர்த்து வந்தார். இது பலர் அறிந்த செய்தியே. ஆயினும் அவர் குடும்பத்தின் செல்வாக்குக்கு அஞ்சி யாவரும் வாளாவிருந்தனர். 1762இல் இவ்விளைஞர் இருவரும் அவருடைய அநீதிகளை அம்பலப்படுத்தினர். விசாரணை நடந்தது, குற்றச்சாட்டு உண்மையென நிலைநாட்டப்பட்டது. ஆனால் உண்மையை வெளியிட்டவர்களுக்கு அந்நகரம் பாதுகாப்பான இடமாக இருக்கவில்லை. சிறிது காலம் ஊரை விட்டு விலகியிருப்பதே நன்று எனப் பெரியவர்கள் அறிவுரை கூறினர்.

இருவருள் ஒருவர் யோகான் காஸ்பர் லவாற்றர். அவர் மறு ஆண்டே ஊர் திரும்பிப் போதகராகப் பெரும்புகழ் பெற்றார். மற்றவர் யோகான் ஹைன்றிச் பூஸ்லி. அவர் வாழ்வதற்கெனத் தாயகம் திரும்பவேயில்லை. உலகம் இன்று அவரை ஹென்றி பியூசெலி என்னும் ஆங்கில ஓவியராகவே அறியும். மேடையிலே நடிகரின் உடலைத் தேடிய ஓவியக் கலையை நாடகத்தின் உயிரைத் தேடும்படி திருப்பியவர்களுள் அவர் முதன்மையானவர்.

ஓவியரின் மகன் ஓவியராகக் கூடாது

பூஸ்லியின் தந்தை யோகான் காஸ்பர் பூஸ்லியும் ஓர் ஓவியரே. சுவிஸ் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டவரும் அவரே. பதினெட்டுப் பிள்ளைகளைப் பெற்ற அவர், தம் மகன் இத்தொழிலுக்கு வருவதை விரும்பவில்லை. வறுமை எப்படிப்பட்டது என்பதை அனுபவத்தால் அறிந்த தந்தையர் இவ்வாறு எண்ணுவது எல்லாக் காலத்திலும் வழக்கந்தான். மகனைக் குருவாக்க முடிவு செய்து கரோலினக் கல்லூரிக்கு அனுப்பினார். மகனோ ஓவியங் கற்பதை விடவில்லை.

அந்தக் கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் போட்மர், அக்காலத்து ஜேர்மன் இலக்கிய உலகில் பெரும் பெயர் பெற்றவர். ஹோமரையும் மில்டனையும் சேக்ஸ்பியரையும் மாணவருக்கு அறிமுகஞ் செய்தவர். சுவாமி விபுலானந்தர் தமது ‘மதங்க சூளாமணி’யிலே நமக்கு அறிமுகஞ் செய்து, செகசிற்பியார் என்று தமிழ்ப் பெயரிட்டு வழங்கிய அதே ஆங்கிலப் புலவர், மலைநாட்டு மாணவன் ஒருவனின் உள்ளத்தைப் போட்மர் வழியாக ஆட்கொண்டார். மாணவப் பருவத்திலேயே மக்பெத் நாடகத்தை ஜேர்மன் மொழிக்குப் பெயர்க்க அவர் முயன்றார் என்பர். இந்நாடகம் இறுதிவரை அவரை விடாது தொடர்ந்தது.

லண்டனில் ஓர் அந்நியர்

ஊரைவிட்டுச் சென்றவர் ஜேர்மனியில் பேர்லினிலும் பொமரேனியாவிலும் சில காலம் தங்கினார். பேர்லினில் இருந்த பிரித்தானியத் தூதுவர் சேர் அன்றூ மிற்செல் அவரது திறமையைக் கண்டு ஆதரவளித்தார். 1764இல் லண்டன் வந்தடைந்தார்.

வந்த புதிதில் அவருக்குச் சோறு போட்டது தூரிகையன்று, மொழிபெயர்ப்பு. கிரேக்கரின் ஓவியத்தையும் சிற்பத்தையும் பற்றி விங்கெல்மான் ஜேர்மன் மொழியில் எழுதியதை ஆங்கிலத்தில் ஆக்கி 1765இல் வெளியிட்டார். இடையில் பிரபு குடும்பத்து இளைஞன் ஒருவனுக்கு ஆசானாகப் பிரான்சுக்குச் சென்று, அவனோடு பிணக்குற்று வேலையைத் துறந்தார். புத்தக வெளியீட்டாளர் ஜோசப் ஜோன்சன் என்பவரே அவருக்கு இருப்பிடமும் நட்பும் தந்தவர். 1770இன் தொடக்கத்தில் ஜோன்சனின் வீடு தீக்கிரையானபோது பூஸ்லியின் உடைமைகளும் அதனோடு அழிந்தன.

இந்த ஆண்டுகளிலே அவர் தவறாது சென்ற இடம் ஒன்றுண்டு. அது டுறூறி லேன் நாடகசாலை. டேவிட் காறிக் என்னும் மாபெரும் நடிகர் அங்கு சேக்ஸ்பியரின் நாயகர்களை நடித்துக் கொண்டிருந்தார். புத்தகத்திற் கற்ற ஆங்கிலத்தை உயிருள்ள மொழியாகப் பூஸ்லி கேட்டது அந்த அரங்கில் எனலாம். புதிய நாட்டின் மொழியைத் தொழிற்கூடத்திலும் தொலைக்காட்சியிலும் பொறுக்கிக் கற்ற நம்மவருக்கு இது விளங்காத செய்தியன்று. ஆங்கிலத்தைப் பின்னாளில் அவர் அழுத்தமாக எழுதினார்; பேச்சிலோ சூரிச்சின் ஒலி கடைசிவரை மறையவில்லை.

1766ஆம் ஆண்டளவில் அவர் வரைந்த ஒரு நீர்வண்ணச் சித்திரம் இன்று சூரிச் கலைக்கூடத்தில் உள்ளது. மக்பெத் நாடகத்தின் இரண்டாம் அங்கத்துக் காட்சி அது. உறங்கிக்கொண்டிருந்த அரசன் டங்கனைக் கொன்றுவிட்டு மக்பெத் வெளியே வருகிறான். குத்துவாள்களைக் கொலை நடந்த அறையிலேயே விட்டுவர வேண்டியவன், கலக்கத்தில் அவற்றைக் கையோடு கொண்டுவந்து விட்டான். அவன் மனைவி விரலை உதட்டில் வைத்து அவனை அடக்குகிறாள். மக்பெத்தாக நிற்பவர் காறிக். மனைவியாக நிற்பவர் பிறிச்சார்ட் அம்மையார். பழைய ஸ்கொட்லாந்துக் கதையை அவர்கள் தம் காலத்து நாகரிக உடையிலேயே நடித்தார்கள். சித்திரத்திலும் அகன்று விரிந்த பாவாடையும் அக்காலத்து ஆடவர் அங்கியும் அப்படியே இருக்கின்றன. அரங்கிற் கண்டதை அரங்கிற் கண்டபடியே எழுதிய இளைஞரின் சித்திரம் அது.

அக்காலத்து வழக்கமும் அதுதான். ஹோகார்த் 1745இல் தீட்டிய மூன்றாம் றிச்சர்ட் ஓவியத்தைப் பார்ப்பவர் முதலில் காண்பது காறிக்கையே. பிராங்பேர்ட்டில் பிறந்து லண்டனில் குடியேறிய சொபனி என்ற ஓவியரும் இதே மக்பெத் காட்சியை இதே நடிகர் இருவரையும் வைத்துத் தீட்டினார். நாடக ஓவியம் என்றால் புகழ்பெற்ற நடிகரின் உருவப்படம் என்றே பொருளாயிருந்தது. நடிகர் இறந்தால் அவர் நடிப்பைக் காட்ட வேறு வழியில்லாத காலம் ஆகையால், அவ்வகை ஓவியங்களின் பயனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆயினும் நாடகம் நடிகரிலும் பெரியது அல்லவா?

ரோமில் கிடைத்த கண்

பூஸ்லியின் சித்திரங்களைக் கண்ட சேர் ஜோசுவா றெனோல்ட்ஸ், ஓவியத்தையே வாழ்க்கையாகக் கொள்ளுமாறு அவரைத் தூண்டினார். அக்காலத்து இங்கிலாந்தின் தலைசிறந்த ஓவியரின் சொல் அது. 1770இல் இத்தாலிக்குப் புறப்பட்ட பூஸ்லி எட்டு ஆண்டுகள் அங்கே தங்கினார். இத்தாலியர் வாய்க்கு ஏற்றவாறு தம் பெயரைப் பியூசெலி என மாற்றிக்கொண்டதும் அங்கேதான்.

ரோமிலே சிஸ்ரைன் தேவாலயத்தின் விதானத்தில் மைக்கலாஞ்சலோ தீட்டிய ஓவியங்களை அவர் நாட்கணக்காக ஆராய்ந்தார். அவற்றைப் பார்த்தவருக்கு விசித்திரமான எண்ணம் ஒன்று எழுந்தது. வேதாகமக் காட்சிகளுக்குப் பதிலாகச் சேக்ஸ்பியரின் நாடகங்களால் அப்படியொரு மண்டபத்தை நிறைத்தால் என்ன? அதற்காக அவர் வரைந்த சில மாதிரிச் சித்திரங்கள் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மண்டபம் எழவில்லை. எனினும் நாடக மாந்தர் தீர்க்கதரிசிகளைப் போலவும் பூதங்களைப் போலவும் பேருருக் கொள்ளலாம் என்ற துணிவு அவருக்கு அங்கே பிறந்தது.

1778இல் லண்டன் திரும்பும் வழியில் சூரிச்சில் சில மாதங்கள் தங்கினார். லவாற்றரின் மருமகள் அன்னா லண்டோல்ட் மீது காதல் கொண்டார். நிலையான வருவாயற்ற ஓவியனுக்குப் பெண் கொடுக்க அவள் தந்தை இசையவில்லை. மனமுடைந்து 1779இல் லண்டன் வந்த பின்னரும், சூரிச் நகர மண்டபத்திற்கென ஒப்புக்கொண்ட ஓவியத்தை முடித்து அனுப்பினார். சுவிஸ் கூட்டமைப்பின் தோற்றக் கதையாகிய றூற்லி உறுதிமொழியை மூவர் கைதூக்கி எடுக்கும் காட்சி அது. தம்மை வெளியேற்றிய நகரத்திற்கு அவர் கொடுத்த இந்தப் படம் அந்நாட்டின் விடுதலை ஓவியங்களுள் முதல்வரிசையில் வைத்து எண்ணப்படுகிறது.

நடிகர் இல்லாத நாடகம்

லண்டனில் 1782இல் அவர் காட்சிக்கு வைத்த ‘கொடுங்கனவு’ என்னும் ஓவியம் அவரைப் பேசுபொருளாக்கிற்று. உறங்கும் பெண்ணின் நெஞ்சிலே பேயுரு குந்தியிருக்கும் அப்படம் இப்போது அமெரிக்காவின் டெற்றோயிற் நகரில் உள்ளது. இதற்குப் பின் வந்த நாடக ஓவியங்களிலே நடிகரைக் காண முடியாது.

1783இல் மக்பெத்தின் சூனியக்காரிகளைத் தீட்டினார். மேடையிலே அக்காலத்தில் சூனியக்காரிகள் பெரும்பாலும் சிரிப்புக்குரிய பாத்திரங்கள். ஆண் நடிகர்கள் விகட வேடமிட்டு ஆடிப்பாடுவது வழக்கம். பியூசெலி அவர்களுடைய உடலையே ஏறக்குறைய நீக்கிவிட்டார். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பக்கவாட்டு முகங்கள், நீட்டிய மூன்று கைகள், உதட்டருகே மூன்று விரல்கள்; அவ்வளவே. கிழட்டுத்தனமும் விதியின் இரக்கமின்மையும் அந்த வரிசையிலேயே வந்துவிட்டன. கேலிச்சித்திரக்காரர் ஜில்றே 1791இல் பிரதமர் பிற் உட்பட அரசியல்வாதிகள் மூவரை இதே வரிசையில் நிறுத்திக் கேலி செய்தார் என்றால், இப்படம் மக்களிடம் எவ்வளவு பரவியிருந்தது என்பதை ஊகிக்கலாம்.

1784இல் உறக்கத்தில் நடக்கும் மக்பெத் சீமாட்டியைத் தீட்டினார். பாரிசில் வாழும் வாசகர் லூவர் மாளிகையில் இதனைப் பார்க்கலாம். கையில் தீவர்த்தியுடன், கண்கள் அகல விரிந்தும் எதையும் காணாதவளாய், நம்மை நோக்கி விரைந்து வருகிறாள். மருத்துவரும் பணிப்பெண்ணும் பின்னே இருளில் ஒடுங்கி நிற்கின்றனர். சாறா சிடன்ஸ் என்னும் பெரும் நடிகை இப்பாத்திரத்தை லண்டனில் முதலில் ஏற்றது 1785 பெப்ரவரியிலேதான். ஆகவே இந்தச் சீமாட்டி சிடன்ஸ் அம்மையாரின் நடிப்பிலிருந்து பெறப்பட்டவள் அல்லள். கண்முன்னே உள்ளதைப் பார்த்து வரைவதிலும் உள்ளத்தில் எழுவதை வரைவதே மேல் என்பது பியூசெலியின் கொள்கை. இதனால் அவர் உருவங்களின் கைகால்கள் சில வேளை இயல்புக்கு மீறி நீள்கின்றன. இதைக் குறையெனச் சொன்னவர் அன்றும் பலர் இருந்தனர். அவர்கள் கூற்று முற்றிலும் தவறன்று; ஆனால் மக்பெத் சீமாட்டிக்கு அளவான கைகால்கள் எதற்கு?

1786இன் இறுதியில் ஜோன் பொய்டெல் என்னும் பதிப்பாளர் சேக்ஸ்பியர் நாடகங்களுக்கெனவே தனியான ஓவியக்கூடம் அமைக்கத் திட்டமிட்டார். நாட்டின் முன்னணி ஓவியர்கள் நாடகக் காட்சிகளைத் தீட்டுவர். அவற்றைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்பனை செய்வது நோக்கம். 1789 மே மாதம் பால் மால் வீதியில் 34 ஓவியங்களுடன் கூடம் திறக்கப்பட்டது. பின்னர் தொகை 160ஐத் தாண்டிற்று. றெனோல்ட்ஸ், றொம்னி, வெஸ்ற் முதலியோருடன் பியூசெலியும் பங்குகொண்டார். கோட்டை மதிலில் கவசந் தரித்த தந்தையின் ஆவி முன்னே நிற்க, தோழர்களின் பிடியை உதறிக்கொண்டு ஹம்லெற் பாய முயலும் அவரது காட்சி, செதுக்குப் பிரதிகள் வழியே எங்கும் பரவிற்று.

இக்காலத்து நாடக ஓவியங்களில் ‘நடுவேனில் இரவுக் கனவு’ பற்றியவை தனிச் சிறப்பின. வனதேவதைகளின் அரசி டைற்றானியா மந்திரத்தால் மயங்கிக் கழுதைத்தலை பெற்ற நெசவாளியைத் தழுவுகிறாள். லண்டன் ரேற் கூடத்திலுள்ள படத்தில் அந்த நெசவாளியின் உள்ளங்கையில் சிற்றுருவம் ஒன்று நிற்கிறது. வேறொரு தேவதை தாடி வைத்த கிழக்குள்ளன் ஒருவனைக் கயிற்றிற் கட்டி இழுத்து வருகிறாள். இந்தக் கிழவன் சேக்ஸ்பியரின் நாடகத்தில் எங்குமில்லை. நாடகம் சொல்லாமல் விட்ட இடத்தை ஓவியர் தம் கற்பனையால் நிரப்பிய இடம் இது. வேடிக்கையும் கொடுமையும் ஒன்றாகக் கலந்திருப்பதால் இப்படத்தைப் பார்ப்பவர் சிரிப்பதா அஞ்சுவதா என்று தடுமாறுவர்.

பொய்டெலின் முயற்சி பொருளிழப்பிலேயே முடிந்தது. பிரெஞ்சுப் புரட்சியை அடுத்த போர்களால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. கடன் தீர்க்க ஓவியங்களைப் பரிசுச்சீட்டு முறையில் விற்கும் நிலை ஏற்பட்டது. சீட்டு இழுக்கப்படுமுன்னரே 1804 டிசம்பரில் அவர் காலமானார். ஓவியங்கள் ஏலத்திற் சிதறின. பியூசெலி தனியாளாக மில்டனின் காவியத்தைத் தீட்டி 1799இல் திறந்த கூடமும் மறு ஆண்டே மூடப்பட்டது.

ஆயினும் அவர் வாழ்வு தாழவில்லை. 1788இல் சோபியா றோலின்ஸ் என்பவரை மணந்தார். 1790இல் றோயல் அக்கடமியின் முழு உறுப்பினரானார். 1799இல் அதன் ஓவியப் பேராசிரியர். 1804இல் மாணவரைப் பயிற்றும் காப்பாளர். லண்ட்சியர், எற்றி, ஹெய்டன் முதலிய ஆங்கில ஓவியர்கள் இந்தச் சூரிச் தேசத்தவரிடம் பயின்றவர்கள். இளமை நண்பர் லவாற்றரோ, 1799இல் சூரிச்சில் பிரெஞ்சுப் படைவீரன் ஒருவனால் சுடப்பட்டு, அக்காயத்தாலேயே 1801 சனவரியில் உயிர் நீத்தார்.

மீண்டும் அதே காட்சி

எழுபது வயதைத் தாண்டிய பின்னர் பியூசெலி, இளமையில் வரைந்த அந்தக் குத்துவாள் காட்சியை மறுபடியும் எடுத்தார். 1812இல் காட்சிக்கு வைக்கப்பட்டதாகக் கருதப்படும் அவ்வோவியம் இப்போது லண்டன் ரேற் கூடத்தில் இருக்கிறது. பிறிச்சார்ட் அம்மையார் 1768இலும் காறிக் 1779இலும் இறந்துவிட்டனர். அவர்களின் நாகரிக உடைகள் படத்தில் இல்லை. மேடையும் இல்லை, அறைக்குரிய பொருள்களும் இல்லை. கரிய வெளியிலே சாம்பல் வெண்மையான இரு உருவங்கள். புகையால் செய்யப்பட்டவை போல ஒளி ஊடுருவும் உடல்கள். மக்பெத் இரு கைகளிலும் குத்துவாள்களைப் பிடித்தபடி திகைத்து நிற்கிறான். மனைவி உதட்டில் விரல் வைத்தவளாய் அவற்றைப் பறிக்கப் பாய்கிறாள். சுமார் 46 ஆண்டுகளுக்கு முன் டுறூறி லேன் அரங்கிலே கண்ட அதே விரல்தான் அது.

1825 ஏப்ரல் 16ஆம் நாள், லண்டனை அடுத்த பட்னியில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் தமது 84ஆவது வயதில் பியூசெலி காலமானார். சென்ற் போல் பேராலயத்தின் நிலவறையிலே, தம்மை ஓவியராகும்படி தூண்டிய றெனோல்ட்ஸ் துயிலும் இடத்தின் அருகிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். மக்பெத்தின் குத்துவாள்களைத் தீட்டிய இரு படங்களில் இளமையில் லண்டனில் வரைந்தது சூரிச்சிலும், முதுமையில் வரைந்தது லண்டனிலும் இருக்கின்றன.