ராட்டினம் திடீரென வேகமெடுப்பது ஏன்? கண் பார்வை இழந்தும் கணக்கை விடாத ஆய்லரின் கதை

காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டில் தார் சுற்றும் ராட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சுற்று விட்டுக் கையை எடுத்த பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் ஓடும். அதே தெருப் பிள்ளைகள் பூங்காவில் சுற்றுராட்டினம் ஆடும்போது இன்னொன்றைக் கவனித்திருப்பார்கள். விளிம்பில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் நடுவுக்கு நகர்ந்தால், யாரும் தள்ளாமலேயே ராட்டினம் சர்ரென்று வேகமெடுக்கும்.

இது எப்படி? விடை தரும் கணக்குக்குப் பெயர் வைத்து, முழு வடிவம் கொடுத்தவர் லியோன்ஹார்ட் ஆய்லர்.

பாதிரியார் ஆக வேண்டியவர்

1707 ஏப்ரல் 15-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தார். அப்பா பாதிரியார். பையனும் அதே வழிக்கு வரணும் என்பது அவர் ஆசை. 13 வயதில் பல்கலைக்கழகம் போன பையனின் கணக்குத் திறமையைக் கண்டுகொண்டவர், அந்தக் காலத்தின் பெரிய கணித மேதை ஜோஹன் பெர்னூலி. அவர் பேசித்தான் அப்பாவைச் சம்மதிக்க வைத்தார்.

சொந்த ஊரில் வேலை கிடைக்கவில்லை. 20 வயதில், 1727-ல், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார். 1741-ல் பெர்லின். அங்கே 25 வருஷம்.

சீசாவில் ஒரு தடவை, ராட்டினத்தில் இரண்டு தடவை

சீசாவின் கணக்கு ஆர்க்கிமிடீஸ் காலத்திலேயே தெரிந்ததுதான். 60 கிலோ அப்பா நடுவிலிருந்து 1 மீட்டரில் உட்கார்ந்தால், 30 கிலோ பிள்ளை எதிர்ப்பக்கம் 2 மீட்டரில் உட்கார்ந்து சமன் செய்துவிடலாம். எடையை தூரத்தால் ஒரு தடவை பெருக்கினால் போதும்.

சுழலும் பொருளுக்கு இது போதாது. தூரத்தால் இரண்டு தடவை பெருக்கணும். அதாவது நடுவிலிருந்து 1.5 மீட்டரில் இருக்கும் பிள்ளை, அரை மீட்டரில் இருக்கும் அதே எடைப் பிள்ளையைவிட 9 மடங்கு அதிகமாகச் சுழற்சியை எதிர்க்கும். இதற்குத்தான் 1765-ல் வெளியான தன் நூலில் ஆய்லர் பெயர் வைத்தார். பிளஸ் ஒன் இயற்பியலில் 'நிலைமத் திருப்புத்திறன்' என்று படித்தது இதைத்தான். பம்பரம் முதல் பூமி வரை எந்தத் திடப்பொருளும் எப்படிச் சுழலும் என்பதற்கான சமன்பாடுகளும் அவருடையவை.

ராட்டையின் எடை விளிம்பில் இருப்பதால், ஓட ஆரம்பித்தால் சட்டென நிற்காது. ராட்டினத்தில் பிள்ளைகள் உள்ளே வந்தால் எதிர்ப்பு குறைகிறது. ஆனால் மொத்தக் கோண உந்தம் மாறாது. அதனால் வேகம் கூடுகிறது. 100 கிலோ எடையும் 1.5 மீட்டர் ஆரமும் உள்ள தட்டில் 30 கிலோ பிள்ளைகள் 4 பேர், விளிம்பிலிருந்து அரை மீட்டருக்கு வந்தால் வேகம் சுமார் 2.7 மடங்கு ஆகும். கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வந்தது? உள்ளே இழுத்துக்கொண்டு வந்த அவர்களின் கைகால்களிலிருந்துதான்.

இருட்டில் எழுதியவை

1738 வாக்கிலேயே ஆய்லருக்கு வலக்கண் பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. 1766-ல் மறுபடி பீட்டர்ஸ்பர்க் வந்ததும் இடக்கண்ணில் புரை. 1771-ல் அறுவை சிகிச்சை செய்தார்கள். பார்வை கொஞ்ச நாள் திரும்பியது. பிறகு அதுவும் போய்விட்டது. அதே வருஷம் வீடு தீப்பிடித்தது. பாசெல்காரர் ஒருவர்தான் அவரைத் தூக்கிவந்து காப்பாற்றினார்.

அவர் நிறுத்தவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டு வாயால் சொல்ல, மகனும் உதவியாளர்களும் எழுதினார்கள். 800-க்கும் மேற்பட்ட அவர் படைப்புகளில் ஏறக்குறைய பாதி, இந்தக் கடைசிக் காலத்தில் வந்தவை.

வீட்டில் சோகமும் குறைவில்லை. 13 குழந்தைகளில் 5 பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டே கணக்குப் போடுவார் என்று அவரைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1783 செப்டம்பர் 18 அன்றும் அப்படித்தான். புதுசாய் வந்திருந்த வெப்பக்காற்று பலூன் பற்றிய கணக்கு, யுரேனஸ் பாதை பற்றிய பேச்சு, பேரனோடு விளையாட்டு. அன்று மாலை மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். வயது 76.

அடுத்த முறை பூங்காவுக்குப் போனால்...

ஒரு விஷயம் கவனியுங்கள். மேலே சொன்ன நாலு பேரில் 3 பேர் உள்ளே வந்து, ஒரு பிள்ளை மட்டும் விளிம்பிலேயே இருந்தால்? வேகம் சுமார் 1.9 மடங்கு ஆகும். ஆனால் கைப்பிடியைப் பிடித்திருக்க அந்தப் பிள்ளைக்கு ஏறக்குறைய மூன்றரை மடங்கு பலம் வேணும். ஏனென்றால் தேவையான விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். பிடி நழுவுவது அப்போதுதான்.

அதனால் ராட்டினம் ஓடும்போது யாரும் இடம் மாறக்கூடாது. மாறணும்னா நிறுத்திவிட்டு மாறட்டும். சின்னப் பிள்ளையை எப்போதும் நடுவில் உட்கார வையுங்கள்.