எட்வர்ட் கிப்பன்: மறைக்கப்பட்ட வீக்கமும் காலம் கடந்த சிகிச்சையும்

உரோமப் பேரரசின் தளர்ச்சியையும் வீழ்ச்சியையும் ஆறு தொகுதிகளில் எழுதியவர் ஆங்கில வரலாற்றறிஞர் எட்வர்ட் கிப்பன். அவர் தமது விதைப்பையில் தோன்றிய ஒரு வீக்கத்தை ஏறத்தாழ 32 ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தார். இறுதியில் அதுவே அவருடைய உயிரைப் பறித்தது. மிகப் பெரிய குடலிறக்கம் எனப்படும் ஹெர்னியா உள்ளவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் அவரது வாழ்வில் உள்ளன.

இளமையும் முதல் அறிகுறியும்

கிப்பன் 1737ஆம் ஆண்டு லண்டனை அடுத்த பட்னி என்னும் ஊரில் பிறந்தார். உடன்பிறந்தோர் அறுவரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். நோயுற்ற சிறுவனாக இருந்த அவரைத் தாயின் சகோதரி அன்புடன் வளர்த்தார். ஆக்ஸ்போர்டிலும், பின்னர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலும் கல்வி பயின்றார்.

நாடு திரும்பியபின் உள்நாட்டுக் காவற்படையில் அதிகாரியாகப் பணியாற்றினார். அக்காலத்தில், 1761ஆம் ஆண்டு, சீசர் ஹாக்கின்ஸ் என்னும் அறுவை மருத்துவரிடம் வீக்கத்தைக் காட்டினார். அது குடலிறக்கமா, விதைப்பையில் நீர் கோத்த ஹைட்ரோசிலா என்பதை மருத்துவரால் அப்போது உறுதிசெய்ய இயலவில்லை. மீண்டும் வந்து காட்டுமாறு கூறினார். கிப்பன் மீண்டும் செல்லவில்லை.

புகழும் மௌனமும்

1776இல் அவரது நூலின் முதல் தொகுதி வெளிவந்து பெரும்புகழ் ஈட்டியது. அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1783இல் மீண்டும் லோசானில் குடியேறி, 1787இல் நூலை எழுதி முடித்தார். கடைசித் தொகுதிகள் 1788இல் வெளிவந்தன.

இதற்கிடையே வீக்கமும் ஆண்டுதோறும் வளர்ந்தது. உடையின் மேலேயே தெரியும் அளவுக்கு அது பெருத்தபோதும் அவர் அதைப் பற்றி நண்பர்களிடமோ பணியாளரிடமோ பேசவில்லை. பிறர் கவனிக்கவில்லை என்றே நம்பியிருந்தார். உண்மையில் நண்பர்கள் கவனித்தனர். நாகரிகம் கருதி வாய் திறவாதிருந்தனர்.

இறுதி மாதங்கள்

1793இல், மனைவியை இழந்த நெருங்கிய நண்பர் ஷெஃபீல்டு பிரபுவுக்கு ஆறுதல் கூற இங்கிலாந்து திரும்பினார். அந்த நவம்பரில்தான் அவரிடம் முதன்முறையாகத் தமது நிலையைத் தெரிவித்தார். மருத்துவர்கள் ஆராய்ந்து, துளையிட்டு நீரை வெளியேற்ற முடிவு செய்தனர். நவம்பர் 14 அன்று ஏறத்தாழ 4 லிட்டர் நீர் எடுக்கப்பட்டது. பத்து நாட்களில் நீர் மீண்டும் சேர, ஏறத்தாழ 3 லிட்டர் எடுக்கப்பட்டது. 1794 ஜனவரி 13 அன்று நடந்த மூன்றாம் முறையில் ஏறத்தாழ 6 லிட்டர் வெளியேறியது. மூன்று நாட்கள் கழித்து, ஜனவரி 16 அன்று, தமது 56ஆம் வயதில் லண்டனில் காலமானார்.

இறந்தபின் உடலை ஆராய்ந்தபோது முழு உண்மை வெளிப்பட்டது. நீரோடு பெரியதொரு குடலிறக்கமும் இருந்தது. பெருங்குடலின் பெரும்பகுதியும், குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புப் படலமும் விதைப்பைக்குள் இறங்கியிருந்தன; இரைப்பையும் கீழ்நோக்கி இழுக்கப்பட்டிருந்தது. துளையிட்டதால் ஏற்பட்ட கிருமித் தொற்றே மரணத்திற்குக் காரணமாயிருக்கலாம் எனப் பிற்கால மருத்துவர்கள் கருதுகின்றனர். மயக்க மருந்தும் கிருமிநீக்க முறையும் அறுவை மருத்துவத்தில் இடம்பெற்றது அடுத்த நூற்றாண்டில்தான்.

இன்று அறுவை சிகிச்சையில் எழும் சிக்கல்கள்

நிற்கும்போது வீக்கம் தொடையின் நடுப்பகுதிக்கும் கீழே தொங்கினால் அதை மிகப் பெரிய குடலிறக்கம் என்பர். இதைச் சரிசெய்வது சிறிய குடலிறக்கத்தைச் சரிசெய்வதைவிடக் கடினமானது.

• பல ஆண்டுகள் குடல் வெளியே இருப்பதால் வயிற்றறை சுருங்கிவிடும். குடலை உள்ளே திருப்பும்போது வயிற்றின் உள்ளழுத்தம் உயர்ந்து மூச்சு, இரத்த ஓட்டம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவை பாதிக்கப்படலாம்.
• அதே அழுத்தத்தால் குடலிறக்கம் மீண்டும் தோன்றலாம்.
• வெறுமையான விதைப்பையில் இரத்தமோ நீரோ தேங்கலாம். காயத்தில் தொற்று ஏற்படலாம்.
• விதைக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் பாதிக்கப்பட்டு விதை சுருங்கலாம். சிலருக்கு விதையையோ குடலின் ஒரு பகுதியையோ அகற்ற நேரிடலாம்.

இவற்றைக் குறைக்க மருத்துவர்கள் முன்கூட்டியே திட்டமிடுகின்றனர். ஸ்கேன் மூலம் உள்ளே இருப்பது குடலா, நீரா, இரண்டுமா என்பதை அறிகின்றனர். புகைப்பதை நிறுத்துதல், எடையைக் குறைத்தல், மூச்சுப் பயிற்சி ஆகியவற்றை அறிவுறுத்துகின்றனர். தேவைப்படின் சில நாட்கள் அல்லது வாரங்களுக்கு முன்பே வயிற்றறைக்குள் சிறிது சிறிதாகக் காற்றைச் செலுத்தியோ, வயிற்றுத் தசைகளைத் தளர்த்தும் ஊசி போட்டோ இடத்தை விரிவாக்குகின்றனர். வலுவிழந்த பகுதியை வலைத்துணி வைத்துப் பலப்படுத்துகின்றனர்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

வீக்கம் திடீரென இறுகி வலித்தல், வழக்கமாக உள்ளே செல்லும் வீக்கம் செல்லாதிருத்தல், வாந்தி, மலமும் வாயுவும் வெளியேறாமை, வீக்கத்தின் மேல் தோல் சிவந்தோ கருத்தோ போதல், அறுவைக்குப் பின் காய்ச்சல் அல்லது மூச்சுத்திணறல் ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். வீக்கத்தை வலிந்து உள்ளே தள்ளவோ, எவரிடமேனும் சென்று துளையிட்டு நீர் எடுக்கவோ கூடாது.

மருத்துவர் மீண்டும் வரச் சொன்னபோது கிப்பன் சென்றிருந்தாலும், அக்கால மருத்துவம் அவரைக் குணப்படுத்தியிருக்கும் என உறுதியாகக் கூற இயலாது. இன்று நிலைமை வேறு. சிறியதாக இருக்கும்போதே காட்டினால் சிகிச்சை எளிது. காலம் கடந்திருந்தாலும் வழி உண்டு. வெட்கத்தால் பேசாதிருக்கும் முதியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பேச்சை நீங்களே மென்மையாகத் தொடங்குங்கள். கிப்பனின் நண்பர்கள் செய்யத் தவறியது அதுவே.