உணவைக் காத்த வேதியியலாளர்

ஹார்வி வாஷிங்டன் வைலி 1844ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உழவர் குடும்பமொன்றில் பிறந்தார். மருத்துவப் பட்டம் பெற்றபோதிலும் அவருடைய உள்ளம் வேதியியலையே நாடியது. 1874இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் முதல் வேதியியல் பேராசிரியரானார். பின்னர், 1883இல் வேளாண்மைத் துறையின் தலைமை வேதியியலாளராகப் பொறுப்பேற்றார்.

அக்காலத்தில் நிலக்கரித் தாரிலிருந்து உருவாக்கப்பட்ட சாயங்கள் துணிகளுக்கு மட்டுமன்றி, மிட்டாய்க்கும் வெண்ணெய்க்கும் நிறமூட்டின. சில சாயங்களில் ஆர்சனிக் என்னும் நஞ்சும் கலந்திருந்தது. கண்ணுக்கு அழகாகத் தோன்றிய பண்டத்தின் உண்மையை வாங்குவோர் அறிய வழியில்லை.

ஆனால், ஆய்வகத்தில் அதனை அறிய வழி இருந்தது. உணவுக் கரைசலில் சிறிது அமிலம் சேர்த்து, அதில் வெண்ணிறக் கம்பளி நூலை இட்டுக் கொதிக்க வைப்பர். நூலில் ஏறிய நிறத்தை நீர்த்த அம்மோனியாவில் பிரித்தெடுப்பர். அக்கரைசலை மீண்டும் அமிலமாக்கி, வேறொரு நூலை இடுவர். இரண்டாம் நூலிலும் நிறம் நன்கு பற்றினால் அது பெரும்பாலும் செயற்கைச் சாயம் எனக் கொள்வர். இயற்கை நிறங்கள் பொதுவாக அவ்வாறு பற்றுவதில்லை.

சாயத்தைக் கண்டறிந்தால் மட்டும் போதாது. உணவில் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் உடலுக்குத் தீங்கு செய்கின்றனவா என்பதையும் நிறுவ வேண்டும் என வைலி எண்ணினார். 1902இல் இளைஞர் பன்னிருவர் தாமாகவே முன்வந்தனர். வெண்காரம் முதலிய பதப்படுத்தும் பொருள்கள் கலந்த உணவை அவர்கள் உண்டனர். அவர்களுக்குத் தலைவலியும் வயிற்றுவலியும் உண்டாயின. செய்தித்தாள்கள் அக்குழுவை நஞ்சுப் படை என்று அழைத்தன.

உற்பத்தியாளர் பலர் கடுமையாக எதிர்த்தனர். எனினும் மகளிர் சங்கங்களும் மருத்துவர்களும் வைலிக்குத் துணை நின்றனர். 1906ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் தூய உணவு மற்றும் மருந்துச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். அந்நாளில் ஏறத்தாழ 80 செயற்கைச் சாயங்கள் உணவில் பயன்பட்டுவந்தன. அவற்றுள் 7 மட்டுமே 1907இல் ஏற்கப்பட்டன.

சட்டம் வந்த பின்னும் அதனை நடைமுறைப்படுத்துவதில் தடைகள் பல எழுந்தன. மேலதிகாரிகளோடு கருத்து வேறுபாடு முற்றவே, 1912இல் வைலி பதவியைத் துறந்தார். ஆயினும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. இதழொன்றின் ஆய்வகத்திற்குத் தலைமையேற்று, உணவுப் பொருள்களின் தரத்தை மக்களுக்கு எடுத்துரைத்தார். 1930ஆம் ஆண்டு, சட்டம் பிறந்த அதே ஜூன் 30ஆம் நாளில் மறைந்தார். உண்ணும் பொருளில் என்ன கலந்துள்ளது என்பதை அறிவது உண்பவரின் உரிமை என்பதை அவருடைய வாழ்வு நிலைநாட்டியது.

விடை எழுதுக
1. கம்பளி நூல் சோதனையில் இரண்டாம் நூல் எதற்காகப் பயன்படுகிறது?
2. வைலி பதவி துறந்தது சரியா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.